போதகர் சொன்ன 'மன்னிச்சிட்டோம்'

ஜெபக்கூட்டத்தில் பாட்டு டீச்சர் எழுந்து நின்று அழுதாள். பாடகர் குழுவைப் பல வருடமாக நடத்துகிறவள். கணீரென்ற குரல். அன்றைக்கு அந்தக் குரல் எழும்பவே இல்லை.

"உங்க பொண்ணப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய் ஐயா. யாரோ சொன்னாங்கன்னு நானும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

போதகர் முன்னால் வந்தார். "நானும் என் மனைவியும் உங்களை முழு மனசோட மன்னிச்சிட்டோம் டீச்சர். எங்க வீட்டுல இனி இதப் பத்திப் பேச்சே கிடையாது" என்றார். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கடைசி வரிசையில் இருந்த அவருடைய மனைவிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

போதகருக்கும் அவளுக்கும் ஒரே மகள். புருஷன் அடித்த அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்தவள். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "அவளுக்கு அங்க வேற ஒருத்தனோட பழக்கமாம், அதான் துரத்திவிட்டுட்டாங்க" என்று பாட்டு டீச்சர் பயிற்சிக்கு வந்த பெண்களிடம் சொன்னாள். நரம்பில்லாத நாக்கு. பேச்சு மகள் காதுக்கே வந்து சேர்ந்தது. அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. வேலையில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் ஆராதனைக்கும் போவதில்லை, எந்த ஊரிலும்.

ஜெபக்கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போதகரின் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினாள். போதகர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?"

"'நானும் என் மனைவியும்'னு சொன்னீங்களே, என்னைக் கேட்டீங்களா?"

"அந்த நேரத்துல வேற என்ன சொல்ல முடியும்? அவங்க அழுதுட்டு நிக்கிறாங்க. மன்னிக்கணும்னு வாரா வாரம் பிரசங்கம் பண்றவன் நான்."

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்திட்டீங்க. அதுல என் பங்கு இருந்துச்சு. நம்ம பொண்ணு பங்கும் இருந்துச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. கூடத்துக்குப் போய்விட்டார்.

அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மடங்காத முழங்கால், நிமிராத முதுகு, தூக்க முடியாத கை, இவைதான் அவளுடைய நாள். சில வாரம் கழித்து ஒரு காலையில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால், கட்டிலில் பாட்டு டீச்சர் உட்கார்ந்திருக்கிறாள். வலது தோள் இறுகிப்போயிருந்தது. தலை வாரக்கூடக் கை உயரவில்லை.

"நம்ம போதகரம்மா இருக்கும்போது வேற யார்கிட்ட போறதுன்னு வந்துட்டேன்" என்றாள். "அதான் எல்லாம் சரியாயிடுச்சே."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. போதகரம்மா அவளைப் படுக்கச் சொன்னாள். ஒரு கையால் தோளை அழுத்திப் பிடித்து, மறு கையால் முழங்கையைத் தாங்கி மெதுவாக உயர்த்தினாள். எந்த இடத்தில் தசை எதிர்க்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"அம்மா!" என்று அலறிவிட்டாள் பாட்டு டீச்சர். பக்கத்துத் தடுப்பில் பேச்சு சட்டென்று அடங்கியது.

போதகரம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல" என்றாள் டீச்சர், கண்ணில் நீர் முட்ட. "இந்த வைத்தியத்துல வலிக்கத்தானே செய்யும். நீங்க வேணும்னா பண்ணீங்க?"

இல்லை என்று தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"வேணும்னுதான் பண்ணேன்" என்றாள் அவள்.

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயா அன்னைக்குச் சொன்னது அவரோட மன்னிப்பு. நான் உங்களை இன்னும் மன்னிக்கல டீச்சர். அதுக்காக உங்க கைய வலிக்க வெச்சது பெரிய தப்பு. அந்தத் தப்புக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. இடது கையால் பையை எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றே போதகரம்மா தன் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்டித்தார்; டீச்சர் புகார் கொடுத்தால் விசாரணை இருக்கும் என்றார். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். புகாரை நினைத்துப் பயம் ஒரு பக்கம். டீச்சர் மன்னிப்பாளா மாட்டாளா என்ற தவிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. தனக்கு அதைக் கேட்க என்ன உரிமை என்றும் தோன்றியது.

போதகரிடமும் சொன்னாள்.

"நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் அவர். "அவங்க அழுகை எப்படியாவது நின்னாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. உன் அழுகையப் பாக்கவே இல்ல. என்னை மன்னிச்சிடும்மா. இப்பவே சொல்லணும்னு இல்ல."

அந்த 'இப்பவே சொல்லணும்னு இல்ல' என்பதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள்.

அடுத்த வாரம் பாட்டு டீச்சர் வந்தாள், அதே தோள்வலியோடு. கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல அவ்வளவு ஆத்திரம் எனக்கு. புகார் கொடுக்கக் கிளம்பிட்டேன். ஒரு தரம் வலிச்சதுக்கே எனக்கு மனசு ஆறல. அப்புறம்தான் உங்க பொண்ணு நெனப்பு வந்துச்சு. உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன், அவகிட்ட மட்டும் கேக்கல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நேத்து பஸ் ஏறிப் போய் அவளப் பாத்தேன்."

போதகரம்மா ஓரடி கிட்ட வந்தாள். "என்ன சொன்னா?"

"உள்ள கூப்பிடல. வாசல்லயே நிக்க வெச்சுக் கேட்டா. 'சரி, கேட்டுட்டேன், போங்க'ன்னா. கதவைச் சாத்திட்டா. அது நியாயம்தான்."

பாட்டு டீச்சர் தலை குனிந்திருந்தாள். வாரப்படாத தலைமுடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கை உயராமல் அவள் வீட்டில் தனியாக எப்படிச் சமாளிக்கிறாளோ என்று போதகரம்மா அப்போதுதான் முதல்முறையாக யோசித்தாள்.

"டீச்சர், என் பங்கை நான் மன்னிக்கிறேன். அவ பங்கு அவகிட்ட இருக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"எனக்கும் இன்னும் கோபம் முழுசாப் போகல" என்றாள் டீச்சர். "ஆனா புகார் கொடுக்க மாட்டேன். மன்னிச்சிட்டேன்னே வெச்சுக்கோங்க."

"வேற ஆள்கிட்ட வைத்தியம் பாக்குறீங்களா? ஏற்பாடு பண்றேன்."

டீச்சர் கட்டிலில் ஏறிப் படுத்தாள். "மெதுவாத் தூக்குங்க" என்றாள்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று போதகரம்மா நினைத்தாள். தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு முன்னால் டீச்சர் ஒற்றைக் கையை வீசிப் பாட ஆரம்பித்ததும், மகள் உட்காரும் இடம் காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. அடிவயிற்றிலிருந்து பழைய கோபம் அப்படியே ஏறி வந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. அவள் முன்நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆண்டவரே, என் பங்கை மன்னிக்கிறேன்" என்று மறுபடியும் உதட்டுக்குள் சொன்னாள். பாட்டு முடிவதற்குள் இன்னொரு தரமும் சொல்ல வேண்டியிருந்தது.