தவமணி செய்த கிளைடர்கள்

தடைசெய்த ரேடியோவைத் தேடித்தான் ஜப்பானியச் சிப்பாய்கள் தவமணியின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அலமாரியைக் கவிழ்த்தார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கூட வந்த அதிகாரி நகமுரா மட்டும் கூரையிலிருந்து நூலில் தொங்கிய கிளைடரை, மரமும் தாளும் கொண்டு செய்த அந்த விளையாட்டு விமானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பினாங்கின் ஜார்ஜ்டவுன் பள்ளிக்கூடங்கள் அவன் பொறுப்பில் இருந்தன. ஆங்கிலம் தெரியும் என்பதால் சிப்பாய்கள் அவனை அழைத்து வந்திருந்தார்கள்.

கிளைடரை இறக்கி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனிகளை வைத்துத் தூக்கினான். அது ஆடாமல் நின்றது.

"யார் செய்தது?"

"நானும் என் கணவரும்."

"அவர் எங்கே?"

"நீங்கள்தானே சயாமுக்குக் கொண்டுபோனீர்கள். ரயில்பாதை போடும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை."

கணவர் குலசேகரம் சர்வே ஆபீஸில் வரைபடம் வரைந்தவர். கிளைடருக்கும் அவர்தான் படம் போடுவார், ஜெலுத்தோங் மரத்தை மெல்லிசாகச் சீவுவார். பட்டத்தாள் ஒட்டுவதும் மூக்கில் ஈயத்துண்டு வைத்து எடை சரிபார்ப்பதும் தவமணியின் வேலை. எறிவதும் அவள்தான். அவர் எறிந்தால் அவசரத்தில் மூக்கு மேலே போய்த் தலைகுப்புற விழும். யுத்தத்துக்கு முன்னால் ஞாயிறு தோறும் எஸ்பிளனேடு திடலில் இருவரையும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அவர் சயாம் போய் ஆறு மாதமாகியும் ஒரு தகவலும் இல்லை.

மறுநாள் நகமுரா அவளைத் திடலுக்கு வரச்சொன்னான். கடற்காற்றை எதிர்கொண்டு நின்று, இரண்டு எட்டு ஓடி, மெதுவாகக் கையை விட்டாள். கிளைடர் ஏறி, வளைந்து, புல்லைத் தடவிக்கொண்டு இறங்கியது. நகமுரா சின்னப் பையன் மாதிரி ஓடிப்போய் எடுத்து வந்தான். தவமணியின் நெஞ்சும் ஒரு கணம் நிறைந்துவிட்டது. அடுத்த கணமே அதை நினைத்து அவளுக்குக் கூசியது.

"ஏப்ரல் கடைசியில் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று பறக்கவிட வேண்டும். நீ செய்து கொடு" என்றான்.

"என் கணவரைப் பற்றி விசாரித்துச் சொல்வீர்களா?"

"எழுதுகிறேன்."

பள்ளிக்கூடத்தின் பின்னறையில் தவமணி வேலையைத் தொடங்கினாள். பசை கிடைக்காமல் மரவள்ளி மாவைக் காய்ச்சி ஒட்டினாள். நகமுராவைக் காணும்போதெல்லாம் "சயாமிலிருந்து பதில் வந்ததா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லை" என்பான். முதலில் முகத்தைப் பார்த்துச் சொன்னவன், போகப்போக இறக்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பக்கத்து வீட்டு ஆசியா பீவிக்கு மனசு கேட்கவில்லை. "ஊரு ஒரு மாதிரியாப் பேசுது தவமணி. அவனுங்களுக்கு வெளையாட்டுச் சாமான் செஞ்சு குடுக்கிறியாம்லா."

"பேசட்டும் அக்கா. அவர் உசிரோட இருக்காருன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

குலசேகரத்தோடு சயாம் போயிருந்த திருநாவுக்கரசு ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பினார். அங்கே தொழிலாளர் முகாமில் டிரெஸ்ஸராக மருந்து கொடுத்தவர். எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றவர் உட்காரக்கூட இல்லை.

"தங்கச்சி, குலசேகரம் போன வருஷம் மழையிலயே போயிட்டாரும்மா. காலரா. நாந்தான் பக்கத்துல இருந்தேன்." வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "பினாங்குல இருந்து யாரோ ஆபீசரு விசாரிச்சான்னு முகாம்ல எங்கிட்ட கேட்டாங்க. எறந்துட்டாருன்னு அப்பவே எழுதிட்டாங்களே. உனக்குச் சொல்லலையா?"

தவமணி அழவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

"உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டாள்.

நகமுராவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஜனவரியில்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நிறுத்திவிடுவாய்."

மேசைமேல் அரைகுறையாக ஒட்டிய இறக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன. கத்தியையும் பசைக் கிண்ணத்தையும் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "இனிமேல் செய்யமாட்டேன்."

கன்னத்தில் அறை விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் துடைக்காமல் அப்படியே நின்றாள். நகமுரா இன்னொரு முறை கையை ஓங்கினான், என்ன நினைத்தானோ, இறக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். "போ" என்றான்.

வீட்டுக்கு வந்தவளின் வாயை ஆசியா பீவிதான் வெந்நீர் தொட்டுத் துடைத்தாள். அப்போதுதான் தவமணிக்குப் பேச்சு வந்தது. "தை மாசத்துல இருந்து நான் பொட்டு வச்சுக்கிட்டுப் போய் அவன்கிட்ட 'பதில் வந்துச்சா'ன்னு கேட்டிருக்கேன் அக்கா. அதைப் பார்த்துக்கிட்டே அவன் பொய் சொல்லியிருக்கான்."

"நீ இங்க இருக்காதே. அவன் மனசு மாறுறதுக்குள்ள கெளம்பு."

அன்றே படகேறி அக்கரையிலிருந்த பிறை ஊருக்குப் போய், புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அக்காள் யோகலட்சுமியின் வீட்டில் தங்கினாள். உடலில்லாமலே குலசேகரத்துக்குச் சடங்கு செய்தார்கள். பிறகு அக்காளோடு சேர்ந்து கொல்லையைக் கொத்தி மரவள்ளி நட்டாள். யாரும் தேடி வரவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் மண்வெட்டி நின்றுவிடும்.

மே மாதம் ஆசியா பீவி பார்க்க வந்தாள். இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்தார்கள். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொன்னாள்: "சக்கரவர்த்தி பொறந்தநாளுக்கு நீ செஞ்சதை எல்லாம் பறக்கவிட்டாங்க. பாதிப் புள்ளைங்களுக்குத்தான் இருந்துச்சு. ஆனா நல்லாப் பறந்துச்சுலா."

தவமணி கைமண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "காத்து எந்தப் பக்கம் இருந்துச்சு அக்கா?" என்று கேட்டாள்.

"கடல் பக்கமிருந்துதான்."

தலையை ஆட்டினாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, திருநாவுக்கரசு செய்தி கொண்டுவந்ததிலிருந்து முதல்முறையாக அழுதாள்.