நீர்த்திரையில் முதலாளி முகம்

கேளிக்கைப் பூங்காவில் தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சி அதில் படம் காட்டும் நீர்த்திரைக் காட்சிக்கு ஒளியமைத்தவள், முடிவில் ஒரு திமிங்கலத்தை நீந்தவிட்டிருந்தாள். முதலாளி அதைத் தூக்கிவிட்டுத் தன் முகத்தைப் போடச் சொன்னார்.

"பிடிக்கலேன்னா வேலையை விட்டுட்டுப் போம்மா."

தலையெழுத்தே என்று போட்டாள்.

முதல் காட்சியில் முகம் விரிந்ததும் பலமாகக் காற்றடித்தது. கூட்டம் நனையாமலிருக்க, காற்றுமானி பம்புகளைத் தானே நிறுத்தியது. திரையாக நின்ற தண்ணீர் விழுந்ததும், படம் பின்னாலிருந்த கழிப்பறைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. நெற்றியில் 'ஆண்கள்' என்ற பலகை எடுப்பாகத் தெரிந்தது.

"அக்கா, புரொஜெக்டரை அணைங்க!" என்று பதறினான் பம்ப்காரன்.

"எதுக்குடா? தண்ணியிலே கலங்கலாத் தெரிஞ்ச மூஞ்சி, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு."

சுவருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைக் கும்பிட்டு நின்ற முதலாளி வாக்கிடாக்கியில் முணுமுணுத்தார்: "ஏம்மா எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"உங்களை நேர்ல பார்த்த மாதிரியே இருக்காம் சார்."