பி445 எங்கே போனது

புத்தக எண்கள் எழுதிய முப்பது அட்டைகளை வரிசையாக அடுக்கியதில் நான்கு தப்பு. இரண்டுக்கு மேல் போனால் வேலை கிடையாது. வெர்லீன் டோஸ்ட்ருட் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஐம்பத்தாறு வயதில் பரீட்சையில் கோட்டை விட்டால் உடனே எழுந்து போக மனசு வருமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை அது. இருபது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்குப் போன வசந்தத்தோடு அந்த வேலை முடிந்துபோனது. அன்றிலிருந்து வீட்டில் கணவன் டுவேனும் அவளும்தான். இன்னொரு குளிர்காலத்தையும் அப்படியே கழிக்க வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

"அட்டையில பி5 முன்னாடி, பி35 பின்னாடி வச்சிருக்கீங்க," என்றாள் மேற்பார்வையாளர் மார்ஜீன். முப்பது வயதுதான், ஆனால் முகத்தில் கல்லூரி முதல்வரின் கண்டிப்பு.

"அஞ்சு சின்னது, முப்பத்தஞ்சு பெருசு. இதுல என்ன கண்ணு தப்பு?"

"எழுத்துக்கு முன்னாடி ஒரு சின்னப் புள்ளி இருக்கு, அதனால அப்புறம் வர்ற எண்ணைத் தசமமாப் படிக்கணும். புள்ளி மூணு அஞ்சு, புள்ளி அஞ்சைவிடச் சின்னது. அதனால முப்பத்தஞ்சுதான் முதல்ல. நாலு தப்பும் இதே தப்புதான்."

"அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பெருசாப் போட்டா கைக்கு வலிக்குமா?"

மார்ஜீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டைகளை டப்பாவில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து டெஸ்ஸா என்ற மாணவி மூச்சிரைக்க மேசைக்கு வந்தாள். தேனீக்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"எஸ்எஃப்523, பி445. அலமாரியில இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. மூணு தடவை தேடிட்டேன். இல்லவே இல்ல!"

"நானும் ரெண்டு தடவை தேடினேன்," என்றாள் மார்ஜீன். "பி4-க்கும் பி5-க்கும் நடுவுல இருக்கணும். தொலைஞ்சுபோச்சுன்னு இன்னிக்கு எழுதிடலாம்."

வெர்லீன் எழுந்தாள். "நில்லு கண்ணு. சரியான இடத்துல தேடினா எப்படிக் கிடைக்கும்? வச்சது என்னை மாதிரி ஒரு ஆளா இருந்தா?"

விடுவிடுவென்று தேனீ அலமாரிக்குப் போனாள். புள்ளியை மறந்தவருக்கு நானூற்று நாற்பத்தைந்து பெரிய எண். பி5, பி78, பி97 எல்லாவற்றையும் தாண்டினாள். சி தொடங்குவதற்கு முன்னால், கடைசியில், மஞ்சள் அட்டையோடு பி445 சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

டெஸ்ஸா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். பின்னாலேயே வந்த மார்ஜீன் அடுத்த அலமாரிகளையும் அதே கண்ணோடு பார்த்தாள். பத்தே நிமிஷத்தில், எப்போதோ தொலைந்ததாக எழுதிவிட்ட மூன்று புத்தகங்கள் அகப்பட்டன.

மேசைக்குத் திரும்பியதும் மார்ஜீன் அட்டைகளைக் கலைத்துப் போட்டாள். "மறுபடி அடுக்குங்க. விதி விதிதான்."

இந்தத் தடவையும் போச்சென்றால் அவ்வளவுதான். வெர்லீன் ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள். மார்ஜீன் இரண்டு முறை சரிபார்த்தாள். ஒரு தப்புகூட இல்லை.

ஆனால் மார்ஜீனின் முகம் சுருங்கியது. "தொலைஞ்ச பட்டியல்ல இன்னும் நூத்திப் பன்னெண்டு இருக்கு. நீங்களும் சரியாக் கத்துக்கிட்டீங்க. இனிமே அதையெல்லாம் யார் கண்டுபிடிக்கிறது?"

"சரியானதை வேணா மறப்பேன் கண்ணு. பரீட்சையில பண்ணின தப்பை யாராவது மறப்பாங்களா?"

மார்ஜீன் வாய்விட்டுச் சிரித்தாள். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க."

அன்று செவ்வாய்க்கிழமைதான். ஆனாலும் வெர்லீன் மேசையிலிருந்த தொலைந்த புத்தகப் பட்டியலை எடுத்துக்கொண்டு, முதல் எண்ணைப் படித்தபடியே அலமாரிகளுக்குள் நடந்தாள்.