தேதி போடாத சீட்டு

மருந்துக்கடைக்காரர் ஆறு நாள் தொடர்ந்து குறுக்கெழுத்தை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பியிருந்தார். படுக்கையறைக் காலண்டரில் ஆறு புள்ளிகள். ஏழாவது புள்ளியையும் வைத்துவிட்டால் மறுநாள் காலை கடைக்குப் போய்க் கவுண்டரில் நிற்பது என்று முடிவு. அந்த முடிவு அவருக்கும் காலண்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மூளையில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டு. கை கால் தப்பித்தன. வார்த்தைகள்தான் மாட்டிக்கொண்டன. கத்தரிக்கோலைப் பார்த்தால் அது என்ன செய்யும் என்று தெரியும், பெயர் வராது. மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாவது வாரமே கடைக்குப் போனார். ஒரு அம்மாள் ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு நீட்டினார். இவர் சர்க்கரை மாத்திரையை எடுத்து உறையில் போட்டு, காலையில் ஒன்று, இரவு ஒன்று என்று விளக்கமும் சொன்னார். பக்கத்தில் மச்சான் நின்றதால் உறை கவுண்டரைத் தாண்டவில்லை.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரே வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கவுண்டரைத் தாண்டித் தப்பான மாத்திரை ஒன்று போனதில்லை.

குறுக்கெழுத்தை டாக்டர்தான் சொன்னார். முதலில் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஒரு நாள் பேனாவை எடுத்துச் சுவரில் அடித்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் போன வாரம் திடீரென்று வார்த்தைகள் வர ஆரம்பித்தன. குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் விடை வந்து நின்றது. ‘கப்பலுக்கு இருட்டில் வழி சொல்வது’, பத்துக் கட்டம். கலங்கரை விளக்கம். அது நேற்று. அவ்வளவு நீளமான வார்த்தை. எழுதி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை. சாப்பாட்டு மேஜையில் ரொட்டி, அவித்த முட்டை, காபி. மனைவி ஒரு பக்கம், வேலைக்குக் கிளம்பத் தயாராக மகள் ஒரு பக்கம். கடைச் சாவியை வாங்கிப்போகத் தினமும் வரும் மச்சான் எதிரில். மனைவியின் தம்பியான அவனுக்குக் கடையில் ‘ரேடியோ’ என்று பெயர். எதைப் பற்றியும் பேசுவான், கேட்க ஆள் வேண்டும் என்பதுகூட இல்லை. பேப்பர் வழக்கம்போல மடித்தபடி அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பிட்டு முடித்துத்தான் பிரிப்பார்.

“கடல்ல போறவனுக்குக் கலங்கரை விளக்கம்னா அது ஒரு நிம்மதிதான் இல்ல, அத்தான்?” என்றான் ரேடியோ.

அவர் முட்டை உரிப்பதை நிறுத்தினார்.

“இதையே நேத்து சொன்னே.”

“சொன்னேனா?”

“நேத்து இதே நாற்காலியில உக்காந்து, இதே மாதிரி. ஒரு வார்த்தை மாறல.”

“மாமா!” என்றாள் மகள். மேஜைக்கு அடியில் ஒரு கால் இன்னொரு காலை உதைக்கப் பார்த்தது. உதை தவறி அவர் முழங்காலில் பட்டது.

ரேடியோ சட்டைப் பையைத் தடவினான். ஒரு துண்டு அட்டை எட்டிப் பார்த்தது. கடையில் எதை எழுதுவதானாலும் காலி மாத்திரைப் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில்தான் எழுதுவார்கள். அவர் ஏற்படுத்திய வழக்கம்.

“அதைக் கொடு.”

“கடை லிஸ்ட்டு அத்தான். ஸ்டாக்…”

“கொடுடா.”

வாங்கினார். மகளின் கையெழுத்து. கலங்கரை விளக்கம். சல்லடை. ஒட்டகம். மூன்றுக்கும் எதிரில் ‘மாமா’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ‘அம்மா’ என்று போட்டு வேறு மூன்று. நேற்று ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்று ரேடியோ கேட்டது ஞாபகம் வந்தது. மனைவி, ஒரு காரணமும் இல்லாமல், ஊஞ்சல் வாங்கலாமா என்று கேட்டதும்.

பையில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. அதையும் வாங்கினார். அது இன்றைக்கானது.

அவர் இரண்டு துண்டுகளையும் புரட்டிப் பார்த்தார்.

“தேதி எங்க?”

“என்னப்பா?”

“உன்னைக் கேக்கல. மச்சான், தேதி எங்க? சீட்டுல தேதி எங்கடா?”

“போடல அத்தான். அதான் மாறிப்போச்சு.”

“பதினெட்டு வருஷமா சொல்றேன். தேதி இல்லாத சீட்டுக்கு மருந்து எடுக்காதேன்னு. உன் மண்டையில ஏறுதா?”

மனைவி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவன் மேல பாயாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன். இவ விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, பேப்பரை எடுத்து, விடையெல்லாம் போன்ல பாத்துப் பாத்து எழுதிக் கொடுத்தா. சாப்பிடறப்ப பேச்சோட பேச்சா உங்க காதுல போட்டோம்.”

“ஏன்?”

“பேனாவைத் தூக்கி அடிச்சீங்க. ரெண்டு நாள் பட்டினி. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

“ஆமா. பாத்துக்கிட்டு இருக்கணும்.”

“அதெல்லாம் என்னால முடியாது.”

“அப்ப வெளியில போய் உக்காந்திருக்கணும்!” அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “எனக்கு என்னமோ எல்லாம் திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சேன்டி. நேத்து நான் அழுதேன்.”

“தெரியும்” என்றாள் அவள் மெதுவாக. “கதவு வழியா பாத்தேன். எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு.”

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“நாளைக்குக் கடைக்குப் போயிருப்பேன். தெரியுமா? ஏழு நாள் நிரப்பிட்டா கவுண்டர்ல நிக்கிறதுன்னு வெச்சிருந்தேன். இன்னைக்கு ஏழாவது நாள். நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க. சீட்டைக் கொடுப்பாங்க. நான் எடுத்துக் கொடுப்பேன், தைரியமா. யாரையும் கேக்க மாட்டேன். எனக்குத்தான் கலங்கரை விளக்கமே வந்துடுச்சே, மாத்திரை பேரு வராதா! அங்கேயும் வந்து நீங்க மூணு பேரும் ரொட்டி தின்னுக்கிட்டே சொல்லிக் கொடுப்பீங்களா?”

ரேடியோ கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

“எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையேப்பா” என்றாள் மகள். அவள் முகம் வெளிறியிருந்தது.

“நீங்க சொன்னீங்களா?”

பேப்பரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். துண்டில் பார்த்துவிட்ட வார்த்தைகளுக்கான கட்டங்களில் முதலில் குறுக்குக்கோடு போட்டார். அவை அவருடையவை அல்ல. மிச்சத்தில் ஒன்பது வார்த்தைகள் காலி. ‘துணி வெட்டுவது’ என்ற குறிப்புக்கு முன்னால் அரை மணி நேரம். இரண்டு விரலை நீட்டி வெட்டிக் காட்டினார், காலி அறையில், தனக்குத் தானே. வரவில்லை.

காலண்டரில் இருந்த ஆறு புள்ளிகளையும் நகத்தால் சுரண்டினார். தாளில் ஓட்டை விழுந்தது.

மறுநாள் விடியும்போது அவர் வாசலில் நின்றார். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தாமல் வீசுவது வழக்கம். அன்று நிறுத்திக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டே பல் துலக்கினார். இடுக்கிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

மேஜையில் சத்தமே இல்லை. மனைவி உப்பைக் காட்டினாள். மகள் தள்ளினாள். ரேடியோ ரொட்டியைப் பார்த்தபடி மென்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“என்ன, எல்லாருக்கும் வாய் ஒட்டிக்கிச்சா?”

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

“பேசித் தொலைங்களேன்!”

“என்ன பேசறதுன்னு தெரியல அத்தான்” என்றான் ரேடியோ. “உப்புன்னு சொல்லலாம்னு பாத்தேன். அது கட்டத்துக்குள்ள இருந்துட்டா?”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இருந்தா இருக்கட்டும். தெரிஞ்சு சொன்னாத்தான் தப்பு. நாளையிலேர்ந்து எனக்கு முன்னாடி பேப்பரை யாராவது தொட்டீங்க, நடக்கறதே வேற.”

“தொடல” என்றாள் மனைவி. “ஆனா நீங்க பட்டினி கிடந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“கிடக்க மாட்டேன்.”

“பேனா?”

அவர் பேப்பரோடு அறைக்குள் போனார். வெளியே ரேடியோ மூச்சு விடாமல் பேச ஆரம்பித்திருந்தான். மழை, பக்கத்துக் கடையின் கதவு, செருப்பு அறுந்தது. பேசிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் எழுந்து காலண்டர் முன்னால் போய் நின்றார். ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டி அன்றைய தேதியைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே விடை வராத வார்த்தைகளின் எண்ணிக்கையை எழுதினார். பதினொன்று. அந்த எண்ணின் இரண்டாவது ஒன்றைப் போடும்போது அழுத்தியதில் பேனா நுனி உடைந்தது. அதை எறியவில்லை. வேறு பேனா இருக்கிறதா என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்.