மனு கொடுக்க ஒரு கை

“‘ஆட்சிக்கு வந்து நாப்பது நாள்தான் ஆகுது, அதுக்குள்ள மனு கொடுத்தா நல்லாவா இருக்கும் பிலோ’ன்னு கேக்குறீங்களே, இதே வாய்தானே போன ஆட்சியில நாப்பது நிமிஷம் பொறுக்காம பஸ்ஸ நிறுத்தச் சொல்லுச்சு?” என்று கேட்டுக்கொண்டே பிலோமினா ஒரு துண்டு இட்லியைச் சட்னியில் முக்கிக் கணவர் வாயில் திணித்தாள்.

சங்கத் தலைவர் தாசனுக்குப் பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. கையும் காலியாக இல்லை.

ஆட்சி மாறினால் போக்குவரத்துத் தொழிற்சங்க நிர்வாகிகளின் கைகள் தாமாகக் கூப்பிக்கொள்ளும். பிறகு பிரியாது. புதிய அரசு எதையாவது முகத்துக்கு நேரே மறுக்கிற அன்றுதான் பிரியும். பிரிந்தால் வலது கை முஷ்டியாக உயரும், இடது கை கொடிக்கம்பைப் பற்றிக்கொள்ளும். அடுத்த தேர்தல் வரை அப்படியே இருக்கும். எந்த ஆட்சியிலும் ஊட்டுவது பிலோமினாதான். போன ஆட்சியில் கொடிக்கம்பில் துண்டாவது காயப்போட முடிந்தது.

அவளுக்கு இப்போது தம்பி கவலை. ஜெரால்டு, கண்டக்டர், சங்கத்தின் துணைச் செயலாளர். அத்தான் சொன்னார் என்று பஸ்ஸை நிறுத்தினான். அவனையும் இன்னும் நாற்பத்தொரு பேரையும் டிஸ்மிஸ் செய்தார்கள். ‘அனைவருக்கும் மீண்டும் பணி’ என்று புதிய அரசின் தேர்தல் அறிக்கை முப்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். ஜெரால்டின் மனைவியை அவள் பிறந்த வீட்டார் வேலை ஆர்டர் வந்தால்தான் அனுப்புவார்களாம். டிஸ்மிஸ் ஆனவர்களுக்கு ஆட்சி மாறினாலும் கை இறங்காது. ஓங்கிய முஷ்டியோடுதான் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றான். அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

“முடியாதுன்னாவது சொல்லச் சொல்லுங்க. அப்படியாவது ஒரு பதில் வரட்டும்” என்றாள்.

“இது நம்ம அரசு பிலோ. முடியாதுன்னு சொல்லாது. பரிசீலிக்கும்.”

“அப்ப மனுவ நான் கொண்டுவரேன். எனக்குக் கை இருக்கு.”

திங்கட்கிழமை அமைச்சர் அறைக்குப் போனார்கள். கொடிக்கம்புக்கு அனுமதி இல்லை என்று ஜெரால்டை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே சங்கத்தார் பதினொரு பேர் கூப்பிய கையோடு வரிசையாக நின்றார்கள். எதிரே அமைச்சரும் கூப்பிய கையோடு நின்றார். அவருடையது ஓட்டுக் கேட்டபோது கூப்பியது. பொருளாளர் சால்வையைப் பல்லால் கவ்வி வந்து போர்த்தினார். அமைச்சர் நெகிழ்ந்தார். காபித் தட்டைத் தலையில் சுமந்து வந்த உதவியாளர், அவரும் கூப்பியபடிதான், மெல்லக் குனிந்து அதை மேசையில் இறக்கினார்.

பிலோமினாவுக்கு இந்தச் சடங்கெல்லாம் பொறுக்கவில்லை. நேரே போய் அமைச்சரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அவருடைய இரு உள்ளங்கைகளுக்கு நடுவே, முனை கீழே பார்க்க, அழுத்திச் செருகினாள். அமைச்சர் ஒத்துழைத்தார்.

“முப்பத்தேழாம் பக்கம் சார். நாற்பத்திரண்டு பேர். என் தம்பி வெளியில நிக்கிறான்.”

“கதவுக்கு மேல முஷ்டி தெரியுதே, அவர்தானா?”

“அவன்தான்.”

“போட்டுடுவோம்.”

இனி மனுவை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. கைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். பேனா முனை தாளை நோக்கி இறங்கியது. ஒரு விரற்கடை தூரம்.

“எங்களைத் தேடி வந்திருக்கீங்க. இது உங்க ஆட்சி, அக்கா. காபி ஆறிடும், முதல்ல குடிங்க” என்றார் அமைச்சர்.

பிலோமினாவைப் பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படிக்க வைத்திருந்தார்கள். திட்டினால் திருப்பித் திட்டுவாள். மரியாதையாக ஒருவர் பேசிவிட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

“தேங்க்யூ சார்” என்றது வாய். கைகள் கூடவே சேர்ந்துகொண்டன. மனு நடுவில் மாட்டிக்கொண்டது.

இழுத்துப் பார்த்தாள். தாசன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், பழகிவிடும் என்பதுபோல. பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை தரையில் விழுந்தது.

“அக்கா, குடுத்துட்டியா?” என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

“யாராவது இதைக் கொஞ்சம் உருவி அவர்கிட்ட குடுங்களேன்” என்றாள் பிலோமினா.