மிச்ச ஊசி

அன்று மத்தியானம் அம்மா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில் அம்மா. அவள் தோளில் கை போட்டபடி அண்ணன். ஜன்னல் திரையை இப்படியும் அப்படியும் இழுத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி. போன் பிடிக்கிற ட்ரைபாட். ஆள் ஒல்லி, காலை அகட்டி நின்றால் அசைய மாட்டான், அதனால் அந்தப் பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார் என்று சொல்ல ஆளில்லாமல் கதவோரம் நின்ற நான். கொஞ்ச நேரத்தில் லைவ் பார்க்கப் போனுக்குள் வந்து சேரப்போகிறவர்களையும் கணக்கில் எடுத்தால் ஒரு சின்ன ஊரே அந்தக் கூடத்தில் இருந்தது. அதில் என்னைப் பார்க்க வந்தவர் ஒருவரும் இல்லை.

நான் அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தேன். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடுகிற வேன் நின்றது. சாயங்காலம் கிளம்பிவிடும். ஊசியே கூடாது என்கிற தலைவரின் கட்சி ஆட்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வேனைக் கவிழ்த்ததிலிருந்து டிரைவர்கள் இந்தப் பக்கம் வரவே பயப்படுகிறார்கள். இது வந்ததே பெரிசு, இனி வராது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு வீசிங் தொந்தரவு. மாடிப்படி ஒரு சுற்று ஏறினால் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுவாள். கீழ்வீட்டு டெய்லர் அவளைவிடத் திடமான ஆள். காய்ச்சல் வந்த ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அவர் போர்த்தியிருந்த போர்வையைத் துவைத்தவன் நான்.

எனக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு, ராத்திரி ஷிப்ட். அதற்கு முன்னால் லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாதியில் விட்டவன். ஏன் விட்டேன் என்று கேட்டால் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அண்ணன் படிக்கவே இல்லை. ஜவுளிக்கடை வாசலில் நின்று கைதட்டி, "வாங்க வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று கூவி ஆள் பிடிக்கிற வேலை. நடந்துபோகிறவனை நிற்க வைக்கவும், நின்றவனை உள்ளே தள்ளவும் அவனுக்குத் தெரியும். காய்ச்சல் வந்து கடையை மூடியதும் அதே தொண்டையோடு தலைவர் பக்கம் போனான். "ஊசி அவனுக்கு, மூச்சு நமக்கு" என்ற கோஷத்தைக் கண்டுபிடித்தவன் என் அண்ணன்தான். அதற்கப்புறம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஊசிக்காரர்கள், மூச்சுக்காரர்கள். மூச்சுக்காரர்கள் கதவுக் கைப்பிடியிலும் மணிக்கட்டிலும் பச்சை ரிப்பன் கட்டினார்கள். எங்கள் தெருவில் சலூனுக்குப் போனால் முடிவெட்டுகிறவர் முதலில் மணிக்கட்டைப் பார்க்கிறார், பிறகுதான் தலையைப் பார்க்கிறார். அண்ணனைப் பார்த்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். 'குரல் அண்ணன்' என்கிறார்கள். என் மனைவிகூட அவன் வீடியோவைச் சத்தம் குறைத்து வைத்துப் பார்க்கிறாள். ஹார்ட் போடுகிறாள். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு பெயர் வைத்து இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் அவனைப் பற்றி அந்த ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஊசி மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சாயங்காலம் கடையைக் கட்டும்போது அடியில் மிஞ்சியதை வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்குப் போடுவார்கள். எங்கள் பிரிவில் அதற்கு மிச்ச ஊசி என்று பெயர். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒரு ஆளைச் சொல்லலாம். என் முறை வந்தபோது அம்மா பேரைச் சொன்னேன். சலவைப் பிரிவு பின்கதவுக்கு வரச் சொல்லி வைத்திருந்தேன். வந்தது அண்ணன். தொப்பி, முகமூடி, சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தான்.

"அம்மா வரலடா. மாட்டேன்னுட்டாங்க. வீணாப் போகுதேன்னு நான் வந்தேன்."

"நீ மூச்சுக்காரனாச்சே."

"மூச்சு இருந்தாத்தானேடா மூச்சுக்காரன்? சத்தம் போடாம உள்ள விடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கையைக் கூப்பினான். என் அண்ணன் என் முன்னால் கையைக் கூப்பி நின்றது அதுதான் முதல்தடவை. கொஞ்ச நேரம் கூப்பியபடியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு கதவைத் திறந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் மேடையில் கத்தும்போதெல்லாம் அந்தக் கூப்பின கையை நினைத்துக்கொள்வேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது அந்த வீட்டில் லைவ் போகப் போகிறார்கள். குரல் அண்ணனின் அம்மா, தான் ஏன் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று ஊருக்குச் சொல்லப் போகிறாள். வெளியே போகும்போது கட்டுகிற புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். தலை படிய வாரியிருந்தாள். மணிக்கட்டில் பச்சை ரிப்பன்.

"அம்மா, வேன் நிக்குது. எந்திரி, போயிட்டு வந்துடலாம்" என்றேன்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா? உன் மேல பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்குது, தள்ளி நில்லு. அண்ணன் சொல்லட்டும், வர்றேன்."

ட்ரைபாட் சிரித்தான். "சின்னண்ணே, பிரேம்ல வராதீங்க. சுவத்தோட ஒட்டிக்குங்க."

அண்ணன் என் சட்டைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனான். அண்ணி பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காமல் இருக்க.

"வேன் எத்தனை மணி வரைக்கும் நிக்கும்?" என்றான் அண்ணன்.

"இருட்டுறதுக்குள்ள போயிடும்."

"லைவ் முடிஞ்சதும் ட்ரைபாடை அனுப்பிடுறேன். பின்படிக்கட்டு வழியா அம்மாவைக் கூட்டிட்டுப் போ. நான் சொல்லி அனுப்புறேன். வீசிங்குக்கு ஊசின்னு சொல்லிக்கலாம்."

நான் அவனையே பார்த்தேன்.

"என்னடா முறைக்கிற? எனக்கும் அவங்க அம்மாதான். டெய்லரை எடுத்துட்டுப் போனப்ப ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல."

"அப்ப இந்த லைவ் எதுக்கு?"

"கேட்டுட்டாங்கடா. தலைவர் ஆபீஸ்லேர்ந்தே போன். மாட்டேன்னா நாளைக்கு என் வீட்டு வாசல்லயே வந்து கத்துவாங்க, நான் சொல்லிக் குடுத்த கோஷத்தையே. பத்து நிமிஷம். நீ வாயைத் திறக்காம நின்னாப் போதும். நான் சொன்னா அம்மா கேக்கும்."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவர் சொன்னா அத்தை கேப்பாங்க. நீங்க கொஞ்சம் பொறுங்க."

எல்லாம் முடிந்துபோன விஷயம்தான். நான் எதற்காக வந்தேனோ அது கையில் இருந்தது. வேன் நிற்கிறது, அம்மா வருவாள். ஆனால் 'நான் சொன்னா கேக்கும்' என்று அவன் சாதாரணமாகச் சொன்னது, செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மாதக்கணக்காகக் கரடியாகக் கத்தினவன் நான். இவன் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான்.

சரி என்றேன். கூடத்துக்கு வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ட்ரைபாட் கையைக் காட்டினான். அண்ணனின் முகம் மாறியது. ஜவுளிக்கடை வாசலில் இருந்த அதே முகம். "என் சொந்தங்களே" என்று ஆரம்பித்தான். போனில் ஆட்கள் ஏறிக்கொண்டே போனார்கள். ஹார்ட்டுகள் மிதந்தன. பெரிய ஆஸ்பத்திரிகள், வெளியூர்க் கம்பெனிகள், நம்மை எலியாக வைத்துச் சோதிக்கிறவர்கள் என்று வரிசையாக வந்தது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "நீயே சொல்லும்மா" என்றான்.

அம்மா நன்றாகப் பேசினாள். பயமில்லாமல், போனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

"எனக்கு எந்த ஊசியும் வேணாம்யா. எனக்கு மருந்து என் பிள்ளைதான். ராத்திரி மூச்சு முட்டுச்சுன்னா எந்திரிச்சு வந்து முதுகைத் தடவிவிடுறது இவன்தான்."

அது உண்மை. ராத்திரியில் நான் வேலையில் இருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னொருத்தன் இருக்கான், ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறான். அவனும் நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது" என்றாள். ட்ரைபாட் போனை என் பக்கம் திருப்பக்கூட இல்லை. அம்மா மடியிலிருந்து பஃப்பை எடுத்துக் காட்டினாள். "இதோ, வாயில வச்சு உறிஞ்சுறது. மாசம் தவறாம இவன்தான் வாங்கித் தர்றான். கேக்கவே வேணாம், தீர்றதுக்குள்ள அலமாரியில இருக்கும். பெத்தா இப்படி ஒண்ணைப் பெக்கணும்."

அந்தப் பஃப்பை வாங்குகிறவன் நான். ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வரிசையில் நின்று வாங்கி, தூங்கிக்கொண்டிருக்கிற அம்மாவை எழுப்ப வேண்டாம் என்று அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அலமாரியில் வைப்பது அண்ணி. அண்ணன் இப்போது மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தான்.

"அந்தப் பஃப்பு நான் வாங்கினது" என்றேன்.

ட்ரைபாட் உஸ் என்றான்.

"அது நான் வாங்கினதும்மா. அவன் வாங்கிக்கிட்டது ஊசி. உனக்குன்னு நான் சொல்லி வச்ச ஊசி. எங்க பின்கதவுக்கு வந்து, கையைக் கூப்பிக் கெஞ்சிப் போட்டுக்கிட்டுப் போனான். கேளு. உன் பிள்ளைதானே, கேளு!"

போன் முதல்தடவையாக ஆடியது. என் பக்கம் திரும்பியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் எழுத்துகள் மேலே ஓடின. படிக்க முடியாத வேகம். ஒரு கணம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. வாசலில் நின்ற ஒருவன் கைநழுவிப் போவதைப் பார்க்கிற வியாபாரியின் பார்வை. பிறகு போனைப் பார்த்தான்.

"ஆமா" என்றான்.

சட்டைக் கையை மேலே சுருட்டினான்.

"ஆமா, போட்டுக்கிட்டேன். என் தம்பி சொன்னது நிஜம். எங்க அம்மா உடம்புல ஏத்த எடுத்து வச்சிருந்ததை என் உடம்புல ஏத்திக்கிட்டேன். பெத்தவளுக்கு வர்றது எனக்கு வரட்டும்னு போனேன். உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க அழுவீங்க."

ஹார்ட்டுகள் திரையை மூடின. ட்ரைபாட் போனைப் பிடித்தபடியே விசும்பினான். "அண்ணே, எங்களுக்காக..." என்றான். அம்மா எழுந்து அண்ணனின் புஜத்தைத் தடவினாள். எங்கே குத்தினார்கள் என்று தேடினாள். அங்கே வாயை வைத்து முத்தமிட்டாள்.

"அன்னையிலேர்ந்து நான் தூங்கல" என்றான் அண்ணன். இந்த இடத்தில் அவன் குரல் நிஜமாகவே உடைந்தது. "அதனாலதான் சொல்றேன். உங்க அம்மாவை அனுப்பாதீங்க."

லைவ் முடிந்தது. ட்ரைபாட் போனைத் தூக்கிக் காட்டினான், இதுவரை இத்தனை பேர் பார்த்ததில்லையாம். தலைவர் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. அண்ணன் அதை எடுக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பத்து நிமிஷம்டா" என்றான் மெதுவாக. "பத்து நிமிஷம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா? இனி எந்த வாயால நான் அவங்களைப் போகச் சொல்றது?"

அம்மாவிடம் போனேன். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அவன் நல்லாத்தானே இருக்கான்? பாரு. கல்லு மாதிரி நிக்கிறான். அதே ஊசிதான். வா, வேன் இன்னும் நிக்குது."

"என் பிள்ளை எனக்காகக் குத்திக்கிட்டு நிக்கிறான். நான் போய் அதையே போட்டுட்டு வந்தா, அவன் பட்டதெல்லாம் வீண்தானே?"

"அவன் உனக்காகப் போட்டுக்கலம்மா."

"உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இதான். அவன் தட்டை எட்டிப் பாக்காம நீ சாப்பிட்டதே இல்ல." மூச்சு வாங்கியது. பஃப்பை வாயில் வைத்து உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் கழித்து என் மோவாயைப் பிடித்தாள். குரல் தணிந்தது. "நீ கொஞ்சம் படிச்சவன், ஆஸ்பத்திரியில இருக்கிறவன். உண்மையைச் சொல்லு. அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது. அவன் நல்லா இருப்பான்."

அதை உடனே நம்பினாள். பெருமூச்சு விட்டாள்.

"அது போதும். நீ கிளம்பு. காய்ச்சல்காரங்க துணியைத் தொட்டுட்டு வர்றவன், இங்க நிக்காத. இவன் உடம்புல வேற அந்த ஊசி ஓடிட்டு இருக்கு. எல்லாம் அடங்கட்டும், நானே சொல்லி அனுப்புறேன்."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனை எடுத்து "ஆமாங்க தலைவரே" என்றான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அம்மாவே எழுந்து என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். குனிந்து நிமிர்ந்ததில் மூச்சு இழுப்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிறகு சாவியைப் போட்டுப் பூட்டினாள்.