மிதிபட்ட தொப்பி

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், ஒரு கார் ஆலையின் கதவு பொருத்தும் பிரிவில் ஹோரஸ் பிளெட்சோதான் தொழிற்சங்கப் பிரதிநிதி. அவர் கறுப்பர், அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். யாருக்கு வம்பு வந்தாலும் நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பார். குடித்துவிட்டு வந்து வேலையை இழந்த வெள்ளைக்காரன் வெண்டல் க்ரைடருக்காக ஒரு குளிர்காலம் முழுக்க நடையாய் நடந்து, அவனை மறுபடி உள்ளே கொண்டுவந்ததும் அவர்தான்.

எழுபத்திரண்டு மே மாதம். கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஒரே பள்ளியில் கலந்து படிக்க வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஊரே கொதித்தது. இரண்டு இனமும் ஒட்டக் கூடாது என்று பேசியே பெயர் வாங்கிய தெற்கத்தி கவர்னர் ஒருவர், ஜனாதிபதி ஆசையில் வடக்கே ஓட்டுக் கேட்டு வந்தார். ஆலையில் அவர் பெயர் போட்ட வைக்கோல் தொப்பிகள் முளைத்தன. வெண்டலும் ஒன்று போட்டுக்கொண்டான். உன்னைச் சொல்லவில்லை, நீ வேறு மாதிரி என்று ஹோரஸிடம் சமாதானமும் சொன்னான்.

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தில் நடக்கும் ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாள், சாப்பாட்டு நேரத்தில், அந்தத் தொப்பி ஒன்று ஹோரஸின் நாற்காலியில் இருந்தது. சுற்றிலும் சிரிப்பை அடக்கிய முகங்கள். அவர் அதைத் தரையில் போட்டு மிதித்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் கூட்டமொன்றில் கவர்னரைச் சுட்டுவிட்டார்கள். ரேடியோ முன்னால் ஹோரஸின் மனைவி அல்மெடா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுட்டவன் நம்மாளா மட்டும் இருந்துடக் கூடாது, கடவுளே."

வெள்ளைக்காரன் என்று தெரிந்த பிறகுதான் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மறுநாள் ஆலையில் அவரோடு யாரும் பேசவில்லை. வேலை தொடங்கும் நேரம் வந்தும் ஒருத்தரும் கருவியைத் தொடவில்லை. ஃபோர்மேன் ஒதுங்கி நின்றார். வெண்டல்தான் பக்கத்தில் வந்தான்.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு ஹோரஸ். பசங்க மனசு நொந்து கிடக்கு."

"சுட்டது வெள்ளைக்காரன், வெண்டல்."

"யார் சுட்டா என்னப்பா? ஆஸ்பத்திரில கிடக்குறவரோட தொப்பிய மிதிச்சது நீதானே?"

தொப்பியை மிதித்தபோது அந்த ஆள் நன்றாகத்தான் இருந்தார் என்று சொல்ல ஹோரஸுக்கு வாய் வரை வந்தது. தூரத்தில், தலையைக் குனிந்தபடி நின்றிருந்த கறுப்புத் தொழிலாளிகளைப் பார்த்தார். வேலை நின்றால் இந்தக் கோபம் முதலில் யார் தலையில் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"தப்புதான். மன்னிச்சுக்குங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர்கள் கைதட்டினார்கள். கேலிக்காக அல்ல, மனதார. அதுதான் அவரைக் கொன்றது. வெண்டல் அவர் தோளில் கை போட்டு, "நம்மாளுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றான்.

அன்று மாநிலத்தில் கவர்னர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கோடையில் சங்கத் தேர்தல் வந்தது. வெண்டல் எதிர்த்து நின்றான். ஹோரஸுக்குக் கறுப்பர்களின் ஓட்டோடு, எண்ணிச் சொல்லும்படியாகச் சில வெள்ளையர் ஓட்டுகள் மட்டுமே விழுந்தன.

மறுநாளே புதுப் பிரதிநிதி வெண்டல் காப்பி வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்கு இந்தச் சட்டமெல்லாம் ஒண்ணும் புரியல ஹோரஸ். நீதான் சொல்லிக் கொடுக்கணும்."

இனி அந்தப் பிரிவில் ஒரு கறுப்பனின் வேலைக்கு ஆபத்து வந்தால், அவனுக்காகப் பேசப்போவது இவன்தான். ஹோரஸ் காப்பியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெண்டலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.